கொழும்பில் போட்ட டிக்கட்

மலேசியாவுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னவர் என் கணவர். அந்த வருடம் எங்கள் இறால் பண்ணைக்கு நோய் வரவில்லை. அதற்கு முன் இரண்டு தடவை வெள்ளைப்புள்ளி நோய் வந்து, குளம் முழுக்க இறால் செத்து ஓரத்தில் ஒதுங்கியதைப் பார்த்தவர்கள் நாங்கள். இப்போது தொடர்ந்து இரண்டு அறுவடை நன்றாக வந்ததும் அவருக்கு ஒரு துணிச்சல் வந்திருந்தது. போர்நிறுத்தமும் நடைமுறையில் இருந்தது. கொழும்புக்குப் போகும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடக்க வேண்டியிருக்கவில்லை. இது எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் உடனே போய்வர வேண்டும் என்றார்.

மகளுக்கு அப்போது பத்து வயது. மலை உச்சியில் ஒரு பெரிய விளையாட்டுப் பூங்கா இருக்கிறது, அங்கே கேபிள் காரில் தொங்கிக்கொண்டு போக வேண்டும், மேகம் ஜன்னலுக்கு வெளியே ஓடும் என்று டீவியில் பார்த்திருந்தாள். முஸ்லிம் நாடு, சாப்பாட்டுக்குப் பயமில்லை என்று மாமியும் சம்மதித்தார். மாமி என்றால் என் கணவரின் உம்மா. எங்களோடுதான் இருந்தார். "நான் வர மாட்டேன், எனக்குத் தலை சுத்தும். நீங்க போய்ட்டு வாங்க. வீட்ட நான் பாத்துக்கிறேன்" என்றார்.

எங்கள் மூவரில் யாரும் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. யாரிடம் டிக்கட் போடுவது என்பதுதான் முதல் கேள்வியாக வந்தது.

புத்தளத்தில் எல்லோருக்கும் தெரிந்த முகவர், ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும் ஒரு ஹாஜியார். என் கணவர் அவரிடம் போய்ப் பேச்சை எடுத்ததும் அவர் சிரித்தாராம். "பிள்ளைக்கு ராட்டினம் காட்டக் கடல் தாண்டிப் போறதா? மக்காவுக்குப் போங்க தம்பி, நானே கூட்டிட்டுப் போறேன்." கணவர் முகம் சுருங்கித் திரும்பி வந்தார்.

நான் பிரதி எடுக்கப் போகும் கடையின் ராத்தாவிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று சொன்னது நான். ராத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த தெருவில் அவருக்கு ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பேச வருகிறவர்களுக்கு இரண்டு கண்ணாடிக் கூண்டுகள், போட்டோப் பிரதி எடுக்கும் மெஷின் ஒன்று, மூலையில் ஒரு மேசை. அந்த மேசைதான் பயண முகவர் நிலையம். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துத் தொடங்கி, கொழும்பில் ஒரு டிக்கட் அலுவலகத்தோடு தொலைபேசியில் பழக்கம் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக டிக்கட்டும் போட்டுக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பாடசாலை வினாத்தாள்களைப் பிரதி எடுக்கப் போகும்போது எனக்குப் பழக்கம்.

ராத்தா மன்னார்க்காரர். வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது கைக்குழந்தையோடு வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியவர்களில் ஒருவர். அந்த நாட்களில் நான் புதிதாக ஆசிரியர் நியமனம் பெற்றிருந்தேன். பள்ளிவாசல் வளவில் பெரிய கிடாரங்களில் சோறு ஆக்கினோம். என் உம்மா அலுமாரியைத் திறந்து, கட்டாத சாரிகளைக்கூட எடுத்துக் கொடுத்தார். ஒரு மாதத்தில், மிஞ்சினால் இரண்டு மாதத்தில் திரும்பிப் போய்விடுவார்கள் என்று நாங்களும் நினைத்தோம், அவர்களும் நினைத்தார்கள். பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. கிடுகு வேய்ந்த குடிசைகள் அப்படியே இருந்தன. எங்கள் மனம்தான் அப்படியே இருக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கினால் அகதி, வெங்காயத் தோட்டத்தில் கூலி குறைந்தால் அகதி, பிள்ளைக்குப் பாடசாலையில் இடம் கிடைக்காவிட்டால் அகதி. ஆசிரியர் ஓய்வறையில் தேநீர் குடித்துக்கொண்டு நாங்கள் பேசிய பேச்சு அது. நானும் பேசியிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு ராத்தாவின் கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"டீச்சர், இண்டைக்கு வரைக்கும் என்னட்ட வந்ததெல்லாம் வேலைக்குப் போற சனம். சந்தோஷமாப் போய்ட்டு வரப் போறம் எண்டு வந்த முதல் ஆள் நீங்கதான்" என்றார்.

கதிரையை இழுத்துப் போட்டு மகளை உட்காரவைத்தார். பிறகு ஒற்றை றூல் தாள் ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினார். நான் ஏதோ டிக்கட் விலையும் ஹோட்டல் விலையும் சொல்வார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் மலையில் குளிர் என்று எழுதினார். மகளுக்கு ஒரு கம்பளிச் சட்டை. வெளியே இருக்கும் ராட்டினங்களை மழை வந்தால் நிறுத்திவிடுவார்கள், அங்கே மத்தியானத்தில் மழை பெய்யும், ஆகையால் காலையில் வெளியே, மத்தியானம் உள்ளே. முதல் கேபிள் காருக்கே போய்விட வேண்டும், பத்து மணி தாண்டினால் வரிசை பாம்பு மாதிரி நீளும். தொழுகை அறை கட்டடத்தில் எத்தனையாம் தட்டில் இருக்கிறது என்றும் எழுதினார்.

"இந்தத் தட்டில சூதாடுற இடம் இருக்கு. அந்தப் பக்கம் போக வேணாம் எண்டு நாநாட்ட இப்பவே சொல்லி வைங்க" என்று என் கணவரைச் சொல்லிச் சிரித்தார்.

அதன் பிறகு மேசை லாச்சியிலிருந்து தையல் டேப் ஒன்றை எடுத்தார். மகளைக் கடை நிலையோடு சேர்த்து நிற்கவைத்து உயரம் அளந்தார். "சில ராட்டினத்துக்கு உயரம் பாத்துத்தான் ஏத்துவாங்க. அங்க போய், ஏலாது எண்டு திருப்பி அனுப்பினா பிள்ளை அழும். இங்கேயே பாத்துக்கொண்டு போனா நல்லம்தானே." தாளில் இருந்த ஒரு அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "தப்பிட்டீங்க மகள். ஒரு விரக்கடை கூட இருக்கு" என்றார். மகள் வெட்கத்தோடு சிரித்தாள்.

"ராத்தா, நீங்க எத்தின தரம் போயிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நானா? நான் எங்க போனன்?" என்றார். "எனக்குப் பாஸ்போட்டே இல்ல டீச்சர். பிறப்புச் சான்றிதழ் வீட்டோட போய்ட்டு. மன்னாருக்குப் போய்ப் பதிவு தேடோணும். இப்ப பாதை திறந்திருக்கு, போகத்தான் இருக்கிறன். இதெல்லாம் அங்க வேலை செய்யுற பிள்ளையளிட்ட போன்ல கேட்டு எழுதி வச்சது. ஒரு பொடியன் அந்த மலையில ஹோட்டல்ல கோப்பை கழுவுறான். அவன்ட உம்மா பேச வாற நேரம் நானும் ரெண்டு கேள்வி கேப்பன்."

அடுத்த இரண்டு வாரத்தில் நான் இன்னும் இரண்டு தடவை போனேன். விசாவுக்கு என்னென்ன கடதாசி வேண்டும், போட்டோ எந்த அளவில் இருக்க வேண்டும், ஹோட்டல் எந்தப் பக்கத்தில் எடுத்தால் பஸ் நிலையத்துக்கு நடந்து போகலாம், எல்லாவற்றையும் எழுதித் தந்தார். மொத்தம் மூன்று தாள்கள். கொழும்பு அலுவலகத்தோடு பேசி, பாடசாலை விடுமுறைக் கூட்டத்துக்குள் எங்கள் மூவருக்கும் இடம் பிடித்தும் வைத்தார். "விடுமுறைக்கு சீட் கிடைக்கிறது கஷ்டம். நான் கெஞ்சித்தான் எடுத்தன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவரிடம் சொன்னேன். அவர் தாள்களை வாங்கிப் பார்த்தார். நல்லாத்தான் எழுதியிருக்கிறார் என்றார். பிறகு அவற்றை மடித்து என்னிடமே தந்தார்.

"கொழும்பில ஒரு பெரிய ஒபிஸ் இரிக்கி. இறால் வாங்குற கம்பனி முதலாளி அங்கதான் போடுறவர்" என்றார்.

"ராத்தா சீட்டெல்லாம் பிடிச்சு வச்சிரிக்காங்களே."

"அதுக்கென்ன? வேணாமுண்டா விட்டுடுவாங்க." அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "நாளைக்கு யாராச்சும் கேட்டா, அகதிட்ட டிக்கட் போட்டுத்தான் மலேசியா போனோமுண்டு சொல்லச் சொல்றியா?"

இந்த இடத்தில் நான் கோபப்பட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. அவர் சொன்னது எனக்குள் ஏற்கெனவே இருந்தது. ஓய்வறையில் மற்ற ஆசிரியைகள் 'எங்க போட்டீங்க?' என்று கேட்பார்கள், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கொமினிகேஷனில் என்று சொல்ல வேண்டி வரும் என்று நானும் யோசித்திருந்தேன். அவர் வாயைத் திறந்து சொன்னதால் எனக்கு வேலை இலகுவானது. "உங்க விருப்பம்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

மறுநாள் கொழும்புக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, குளிர் அறை, சுவர் முழுக்க வெளிநாட்டுப் படங்கள். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு இளைஞர் எங்களுக்குக் கோப்பி கொடுத்தார். வார்த்தைக்கு வார்த்தை மெடம் என்றார். நான் மகளின் உயரத்தைச் சொல்லி, அந்த ராட்டினத்தில் ஏற்றுவார்களா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. "அதெல்லாம் அங்க உள்ள எங்கட ஆக்கள் பாத்துக்கொள்ளுவாங்க மெடம்" என்றார். மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "மழை வராது மெடம்" என்றார். ராத்தா சொன்னதைவிட விலையும் கூடத்தான். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது என் கணவரின் முதுகு நிமிர்ந்திருந்ததை நான் பார்த்தேன். எனக்கும் அந்தக் குளிரும் கோப்பியும் பிடித்திருந்தன. இருந்த இருப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம்.

வெள்ளிக்கிழமை வந்தது. ராத்தாவுக்குச் சொல்ல வேண்டும். நேரில் போக எனக்குக் கால் வரவில்லை. வீட்டிலிருந்து தொலைபேசி எடுத்தேன். வேறு இடத்தில் போட்டுவிட்டோம் என்று சொல்லத்தான் எடுத்தேன். அவருடைய குரலைக் கேட்டதும் என் வாயில் வந்தது வேறு.

"ராத்தா, மாமி குளியலறையில விழுந்துட்டாங்க. இடுப்பில அடி. நடக்க ஏலாம இரிக்காங்க. இந்த லீவுக்குப் பயணம் சரிவராது."

"அல்லாவே!" என்றார் ராத்தா. "எப்ப? டொக்டரிட்ட காட்டினீங்களா? படம் எடுத்தீங்களா?"

"ஓம், எடுத்தோம். உடைவு இல்லயாம்."

"அல்ஹம்துலில்லாஹ். பயணம் கிடக்கட்டும் டீச்சர், அது எப்பவும் போகலாம். சீட்ட நான் விட்டுடுறன். நீங்க மாமியப் பாருங்க."

வைத்துவிட்டுத் திரும்பினேன். மாமி முற்றத்தில் குனிந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் மகள் கதவடியில் நின்றாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"உம்மா, வாப்பும்மா விழல்லியே?" என்றாள்.

"இல்ல. நீ போய்ப் படி."

"அப்ப நாம மலேசியா போகல்லியா?"

"போறோம். ஸ்கூல்ல யாருக்கும் சொல்லாத. போய் வந்த பிறகு சொல்லலாம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஏன் உம்மா, போறது பாவமா?" என்று கேட்டாள். வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளைகளை எழுப்பி நிற்கவைக்கிற ஆசிரியை நான்.

மலேசியாவுக்குப் போனோம். எந்தக் குறையும் நடக்கவில்லை. கொழும்புக்காரர்கள் சொன்ன ஆள் விமான நிலையத்துக்கு வந்து எங்களை ஹோட்டலில் இறக்கிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரை நாங்கள் காணவில்லை. எங்களை நடத்தியது என் கைப்பையில் இருந்த மூன்று தாள்கள்தான். முதல் கேபிள் காருக்குப் போனோம். மேகம் உண்மையிலேயே ஜன்னலுக்கு வெளியே ஓடியது. மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிட மறந்தவள் போல் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே போனதும் கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுவிட்டேன். பெரிய ராட்டினத்தின் வாசலில் உயரம் அளக்கும் கம்பு ஒன்று நின்றது. மகள் போய் அதன் பக்கத்தில் நின்றாள். ஒரு விரற்கடை கூட இருந்தது. அங்கே நின்ற பெண் தலையாட்டி உள்ளே விட்டாள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது தன் தகப்பனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதது.

மத்தியானம் மழை வந்தது. வெளியே ராட்டினங்கள் எல்லாம் நின்றன. அப்போதுதான் வந்து சேர்ந்த குடும்பங்கள் கூரைக்குக் கீழே ஒதுங்கி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் வெளி விளையாட்டெல்லாம் முடித்து உள்ளே போய்க்கொண்டிருந்தோம்.

"இதெல்லாம் உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கணவர் கேட்டார். அவர் தாள்களை ஒரு தடவை பார்த்ததோடு மறந்துவிட்டார்.

"கேட்டு வச்சேன்" என்றேன்.

தொழுகை அறை ராத்தா எழுதியிருந்த தட்டில், எழுதியிருந்த மூலையிலேயே இருந்தது. மத்தியானத் தொழுகையான லுஹரைத் தொழுதேன். சலாம் கொடுத்த பிறகு கையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்தேன். துஆ கேட்க ஒன்றும் வரவில்லை. இந்த அறை எங்கே என்று ஒரு பெண் தொலைபேசியில் யாரிடமோ விசாரித்து எனக்காக எழுதியிருக்கிறாள், அவளிடம் நான் ஒரு மனுஷி விழுந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன் என்பதுதான் மனதில் இருந்தது. வெளியே மகள், உள்ளே ஓடும் ரயிலில் ஏற வேண்டும் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போனேன். அந்த ரயிலில் நானும் ஏறினேன், சிரித்தேன், போட்டோவுக்கு நின்றேன். அந்தப் போட்டோவை இன்றைக்குப் பார்த்தாலும் சந்தோஷமான ஒரு உம்மாதான் தெரிவாள்.

ஊருக்குத் திரும்பிய அன்று மாமி வாசலிலேயே நின்றார். பெட்டிகளை இறக்கி வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் ஊற்றித் தந்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஏம்புள்ள, நான் எப்ப விழுந்தேன்?" என்றார்.

நாங்கள் புறப்பட்ட மூன்றாம் நாள் ராத்தா வீட்டுக்கு வந்திருக்கிறார். கடையை மத்தியானத்தோடு சாத்திவிட்டு, வெயிலில் பஸ்ஸில் வந்து இறங்கி, சந்தியிலிருந்து நடந்து வந்திருக்கிறார். கையில் ஆட்டுக்கால் சூப் ஒரு போத்தல் நிறைய, பூசுவதற்கு எண்ணெய் ஒரு குப்பி. படலையைத் திறந்துவிட்டதே மாமிதான்.

"நான் யாரோண்டு பாத்தேன். என்னைய மேலயும் கீழயும் பாக்குறா. 'மாமி, நீங்க நடக்குறீங்களா?'ண்டு கேக்குறா. 'நடக்காம என்ன, எனக்கென்ன வந்திச்சி?'ண்டு கேட்டேன். 'டீச்சர் இல்லியா?'ண்டா. 'அவங்க மலேசியா போயிரிக்காங்களே'ண்டு சொன்னேன். எனக்கு என்ன தெரியும்?"

"அவங்க என்ன சொன்னாங்க?"

"முகம் ஒரு மாதிரிப் போச்சு. உள்ளுக்கு வரச் சொல்லித் தண்ணி குடுத்தேன். குடிச்சா. சூப்பத் திருப்பிக் கொண்டு போகச் சொன்னேன். 'உங்களுக்குண்டுதான் காச்சினன் மாமி, நீங்க குடிங்க'ண்டு வச்சிட்டுப் போய்ட்டா." மாமி என்னை நேராகப் பார்த்தார். "குடிச்சேன். நல்ல சூப்பு. ஆனா நல்லா இரிக்கிற என்னைய நோயாளியாக்கிட்டுப் போயிரிக்கியே. கேட்டிருந்தா நானே, வேற எடத்தில போட்டுட்டோமுண்டு அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லியிருப்பேனே."

கணவர் எழுந்து பண்ணைப் பக்கம் போய்விட்டார். இதைப் பற்றி அவர் அதற்குப் பிறகு ஒருநாளும் பேசவில்லை.

நான் ராத்தாவின் கடைக்குப் போக இரண்டு வாரம் எடுத்தேன். வினாத்தாள் பிரதி எடுக்க வேறு கடைக்குப் போனேன். அந்தத் தெருவால் போவதைத் தவிர்த்தேன். கடைசியில் ஒருநாள், இனிமேலும் தள்ளிப் போட்டால் ஒருபோதும் போக மாட்டேன் என்று தோன்றியது. மலேசியாவில் வாங்கிய ஒரு துப்பட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். போய் நின்றதும் அதை வெளியே எடுக்கவும் கூச்சமாக இருந்தது.

ராத்தா நிமிர்ந்து பார்த்தார். "வாங்க டீச்சர். இரிங்க" என்றார். கோபமான குரல் இல்லை. வாடிக்கையாளரிடம் பேசும் குரல்.

நான் உட்கார்ந்ததும் அவரே கேட்டார்: "கேபிள் காருக்கு எத்தின மணிக்குப் போனீங்க?"

"ஒன்பது மணிக்கு முந்தி."

"வரிசை இருந்ததா?"

"இல்ல. திரும்பி வாற நேரம்தான் நல்ல வரிசை."

அவர் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். மழை எத்தனை மணிக்கு வந்தது, உள்ளே எத்தனை விளையாட்டு, தொழுகை அறையில் பெண்களுக்குக் கைகால் கழுவி வுழு எடுக்கத் தனி இடம் இருக்கிறதா, சாப்பாடு எங்கே மலிவு. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். உயரக் கம்பைப் பற்றிக் கேட்டபோது, சரியாக இருந்தது என்றேன். "அப்ப சரி" என்று அந்த அளவுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். அடுத்து யாராவது போனால் உதவும் என்றார். ஒரு மணித்தியாலம் இருந்திருப்பேன். கேட்க வேண்டிய மன்னிப்பை நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதை அவரும் சொல்லவில்லை. துப்பட்டாவைப் பையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஓய்வறையில் யாராவது பயணப் பேச்சை எடுத்தால் ராத்தாவின் கடையைச் சொன்னேன். இரண்டு பேர் போனார்கள் என்று நினைக்கிறேன். அது என் மனதுக்குச் செய்துகொண்ட சின்ன வைத்தியம்.

இரண்டு வருடம் கழித்து மாமிக்கு உம்ரா செய்ய ஆசை வந்தது. நானும் துணைக்குப் போவதாக முடிவானது. இந்தத் தடவை கணவர் வாயைத் திறக்க முன்னமே நான் சொல்லிவிட்டேன், ராத்தாவிடம்தான் போடுவது என்று. அவர் மறுக்கவில்லை. வடக்குப் பக்கம் மறுபடி சண்டைக்கான அறிகுறிகள் தெரியத் தொடங்கியிருந்த காலம். ராத்தா எல்லா வேலைகளையும் ஒழுங்காகச் செய்து கொடுத்தார். மாமியோடு மட்டும் நிறையப் பேசினார். என்னிடம் வேண்டிய அளவு.

உம்ராவுக்குப் போகுமுன் சொந்தக்காரர்கள், அயலவர்கள், தெரிந்தவர்கள் எல்லோரிடமும் மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்பது எங்கள் வழக்கம். வாசலில் நின்று ஒரே மாதிரிக் கேட்போம், அவர்களும் ஒரே மாதிரிப் பதில் சொல்வார்கள். டிக்கட் எடுக்கப் போன அன்று ராத்தாவிடமும் அப்படியே கேட்டேன்.

"ராத்தா, ஏதாச்சும் குத்தங்குறை இரிந்தா மாப்புச் செய்யுங்க."

கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பெண் சவூதியில் இருக்கும் மகளோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். ராத்தா டிக்கட் கவரை மேசையில் வைத்தார். எனக்குத் தரவில்லை.

"எதுக்கு எண்டு சொல்லிக் கேளுங்க டீச்சர்" என்றார்.

"மாமி விழுந்துட்டாங்கண்டு பொய் சொன்னேன்."

"அது தெரியும். நான் பாத்தன்தானே. வேற?"

"வேற எடத்தில டிக்கட் போட்டோம்."

"அது உங்கட காசு, உங்கட விருப்பம். அதுக்கு மாப்புத் தேவையில்ல. அந்த சீட்ட விட்டதுக்காக, எனக்கு டிக்கட் போட்டுத் தாற கொழும்புக்காரன் ஒரு வருசம் என்ர சொல்லுக்கு இடம் பிடிக்கயில்ல. அதையும் விடுங்க. ஏன் வேற இடத்தில போட்டீங்க? அதச் சொல்லுங்க."

கணவர் சொன்னார் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. வாழ்க்கையில் அந்த ஒரு நேரத்தில் கோழையாக இல்லாமல் இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"நீங்க அகதிண்டு" என்றேன். "உங்ககிட்டப் போட்டேண்டு மத்தவங்களுக்குச் சொல்ல எனக்கு வெக்கமா இரிந்திச்சி."

கூண்டுக்குள் அந்தப் பெண் இன்னும் பேசிக்கொண்டே இருந்தாள். ராத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"எனக்கு அண்டைக்கே விளங்கினது" என்றார். "உங்கட வாயால கேக்கோணும் எண்டு இருந்தன். உங்கட உம்மா தந்த சாரி ஒண்டு இன்னும் என்னட்ட இருக்கு. அப்ப அகதி எண்டுதானே தந்தீங்க, அது எனக்கு வெக்கமாப்படயில்ல. கடை போட்டு மேசையில இருந்த பிறகும் அதே பேர்தான் எண்டு தெரிஞ்ச அண்டைக்குத்தான் டீச்சர் வெக்கமாப் போச்சு."

"மாப்புச் செய்யுங்க ராத்தா" என்றேன் மறுபடி. இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

"செய்யத்தான் வேணும். மார்க்கம் அப்பிடித்தான் சொல்லுது" என்றார். "ஆனா இப்ப சொன்னா வாயால மட்டும்தான் சொல்லுவன். மனசால வாற நாளைக்குச் சொல்லுறன். நீங்க போய் நல்லபடியா உம்ராவ முடிச்சிட்டு வாங்க. மாமிய வெயிலுக்குள்ள நடக்க விடாதீங்க." டிக்கட் கவரை என் கையில் தந்தார்.

மக்காவில் மாமியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு கஃபாவைச் சுற்றித் தவாபு செய்தேன். எவ்வளவோ துஆக்கள் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். சுற்றிச் சுற்றி வந்ததெல்லாம் ராத்தாவின் அந்த முகம்தான், கண்ணாடியைத் துடைத்த அந்தக் கொஞ்ச நேர முகம். அல்லாஹ்விடம் கேட்கிற மன்னிப்பு வேறு, மனிதரிடம் வாங்க வேண்டிய மன்னிப்பு வேறு என்று பள்ளிவாசல் பயான்கள் எத்தனையோவற்றில் கேட்டிருக்கிறேன். அங்கே நின்றபோதுதான் அது என் மேல் விழுந்தது.

திரும்பி வந்து ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ராத்தா எழுந்து நின்று கிப்லாவைப் பார்த்துத் தண்ணீரைக் குடித்தார். பழத்தைக் கடையில் இருந்த எல்லோருக்கும் பங்கிட்டார். பிறகு உட்கார்ந்து, ஹோட்டலில் இருந்து ஹரம் பள்ளிவாசலுக்கு மாமியால் நடக்க முடிந்ததா, லிப்ட் எத்தனை பேருக்கு என்று விசாரித்து எழுதிக்கொண்டார்.

பிறகு அவருக்குக் கடவுச்சீட்டு கிடைத்தது. சண்டை முடிந்து சில காலத்தில் அவருடைய கணவர் மன்னாருக்குத் திரும்பிப் போய், கூரையில்லாமல் கிடந்த வீட்டைத் திருத்தத் தொடங்கினார். ராத்தா பிள்ளைகளின் படிப்புக்காகப் புத்தளத்திலேயே தங்கிவிட்டார். கடையும் பெரிதாகி, பிரதான வீதிக்கு வந்துவிட்டது. இப்போது அந்த மேசைக்கு முன்னால் ஊரில் உள்ள பெரிய மனிதர்கள் எல்லாம் காத்திருக்கிறார்கள். நானும் போனால் வரிசையில்தான் உட்காருவேன். கண்டால் சிரிப்பார், மகளின் படிப்பைப் பற்றிக் கேட்பார், தேநீர் சொல்லி அனுப்புவார்.

மனசால வரும் நாளில் சொல்லுகிறேன் என்ற மாப்பை அவர் இன்னும் சொல்லவில்லை. ஞாபகப்படுத்திக் கேட்க எனக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை.